புரண்டு புரண்டு தெரியும் கனசதுரம்

கேள்வி: கோட்டால் வரைந்த கனசதுரம் மேலிருந்தும் கீழிருந்தும் மாறி மாறித் தெரிவதை நிரலாக எழுதினேன். கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் மாறுகிறதே, ஏன்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இரைச்சலை, அதாவது தற்செயலான ஏற்ற இறக்கத்தை, நிரலில் விட்டிருப்பீர்கள், அம்மா. 1832-இல் சுவிஸ் படிகவியலாளர் நெக்கர் விவரித்த வகைப் படம் இது. இதைக் கணிக்கும் கணித மாதிரியில், தோற்றத்துக்கு ஒன்றாக இரண்டு நரம்பணுக் கூட்டங்கள். ஒன்றையொன்று அடக்கும், ஜெயித்தது மெல்லச் சோரும். கால அளவாக, சோர்வுக்கு 1–2 நொடி, கூட்டத்தின் துலங்கலுக்கு 10 மில்லிநொடி, கணக்கு நகரும் ஒவ்வொரு படிக்கும் 1 மில்லிநொடி வையுங்கள்.

சோர்வைச் சற்றுக் குறைத்து, இரைச்சலாகப் படிதோறும் இயல்நிலைப் பரவலிலிருந்து (மணி வடிவப் பரவல்) தற்செயலாக ஓர் எண்ணை எடுத்துக் கூட்டுங்கள். கூட்டுமுன் அந்த எண்ணைப் படி அளவின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள், பெருக்காவிட்டால் படியை மாற்றும்போது விடையும் மாறிவிடும். சோர்வையே எடுத்துவிட்டால், இரைச்சல் குறைவாக இருக்கும்போது ஒரே தோற்றத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு தோற்றமும் நீடித்த நேரங்களைப் பட்டை வரைபடமாக்குங்கள். வலப்பக்கம் வால் நீண்ட காமா பரவல் போல வந்தால் சரி.