ஸ்பானிஷ் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

எங்கோ வகுப்பில் சேர்ந்திருப்பீர்கள், முதல் மாதமே அழுத்தம் விழும் இடத்தை வைத்துச் சொற்களுக்கு அகூதா, யானா, எஸ்த்ரூஹுலா என்று பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். அதை ஓரமாக வையுங்கள்.

உயிரெழுத்தைப் பாருங்கள். அ, எ, ஒ வலுவானவை. இ, உ மெலிந்தவை. வலுவானவை இரண்டு அடுத்தடுத்து வந்தால் தனித்தனி அசை: தெ-ஆ-த்ரோ. மெலிந்தது ஒட்டிக்கொள்ளும்: கொ-லொம்-பியா, மூன்றே அசை. அப்புறம் கடைசி எழுத்து. உயிர், என், எஸ் இவற்றில் முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் (க-ரா-கஸ்), மற்றபடி கடைசி அசையில் (ம-த்ரித்). இதை மீறுகிற சொல்லுக்கு, அழுத்தம் விழும் உயிரெழுத்தின் மேலே கோடு: பெரு, பனமா, பொகோதா. எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் பெயரில் இரண்டு கோடு உண்டு, காரணம் வேறு வேறு. மார்க்கேஸ் 'ஸெட்'டில் முடிந்தும் முதல் அசையில் அழுத்தம். கார்சியாவில் அழுத்தம் மெலிந்த இ மேலேயே விழுவதால் அது ஒட்டாமல் பிரிகிறது: கார்-சி-ஆ.

"தமிழனுக்கு அலகிடத் தெரியும், இதென்ன பெரிய விஷயம்" என்று யாராவது வருவார்கள். நம் நிரையசையில் இரண்டு உயிர் வரும், 'மலர்' ஒரே அசை. ஸ்பானிஷ் கணக்கு அப்படியில்லை, இரண்டு உயிருக்கு நடுவே மெய் வந்தால் இரண்டு அசை. 'அட்லெதா'வை (தடகள வீரர்) ஸ்பெயினில் அட்-லெ-தா என்றும் மெக்சிகோவில் அ-ட்லெ-தா என்றும் பிரிப்பார்கள், அதற்கும் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் என்பவர்களுக்காக ஒன்று. சென்னையில் கொலம்பிய வாடிக்கையாளர்களுக்கான பில்லிங் டீமில் இருந்தேன். ஒரு அம்மா சாட்டில் 'யா பாகோ' என்று கோடு போடாமல் அடித்திருந்தார், அவசரத்தில் அங்கே நிறைய பேர் அப்படித்தான் அடிப்பார்கள். முதல் அசையை அழுத்தினால் 'இதோ கட்டுகிறேன்', கடைசியை அழுத்தினால் 'அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார்'. பக்கத்து சீட்காரர் முதலாவதாக எடுத்துக்கொண்டு, தாமதக் கட்டணம் போட்டு, தினமும் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கோபமாகப் பேசிய அழைப்பின் பதிவை நான் போட்டுக் கேட்டேன். அழுத்தம் தெளிவாகக் கடைசி அசையில். கணவர் வேறு கணக்கிலிருந்து கட்டியிருந்தார், தேடினால் பணம் அங்கேயே இருக்கிறது.

கட்டணத்தை ரத்து செய்தார்கள், டீம் லீட் மேலே மெயில் போட்டுப் பாராட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு லாங்குவேஜ் அலவன்ஸ் மட்டும் வரவில்லை. சான்றிதழ் வேண்டுமாம். பரீட்சைக் கட்டணம் நானே கட்ட வேண்டுமாம். சான்றிதழே இல்லாத இன்னொருவருக்கு அதே அலவன்ஸ் எப்படி வந்தது என்று கேட்டதற்கு ஹெச்ஆரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.