பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்குள் மழைத் தண்ணீர் வருகிறது. எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் உள்ள விவரம் இது: 1992 மாடல், துணி ரூஃப். மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் கார்பெட் ஊறுகிறது. டிக்கியில் பேட்டரி பக்கம் தண்ணீர் தேங்குகிறது. ஓட்டும்போது சில நேரம் முழங்கால்மேல் சொட்டுகிறது. ரூஃப் ஓரமெல்லாம் சிலிகான் பூசியும் நிற்கவில்லை.

சிலிகானை ஓரமாக வையுங்கள். 1989 முதல் 1997 வரை வந்த இந்த முதல் தலைமுறைக் காரில் தண்ணீர் ஓரளவு உள்ளே வரும் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ரூஃபின் பின்பக்கம் இறங்கும் தண்ணீர் துணிக்கு அடியிலிருக்கும் ஒரு வாய்க்காலில் விழும். வாய்க்கால் அதை இரண்டு பக்கத்துக்கும் தள்ளும். அங்கிருந்து டியூப் வழியாகப் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்டிவிடும். கதவுக்குள் போகும் தண்ணீருக்கும், வைப்பருக்குக் கீழே விழும் தண்ணீருக்கும் இதே மாதிரி வழி உண்டு. ஆக, முதலில் பார்க்க வேண்டியது வெளியேறும் வழி. அது அடைத்திருந்தால் மேலே எவ்வளவு பூசினாலும் வீண்.

சீட் பெல்ட் சுருளும் கோபுரத்துக்குப் பின்னால், இரண்டு மூலையிலும் டிரெயின் வாய், அதாவது அந்த டியூபின் மேல்துளை, இருக்கும். அங்கே கார்பெட்டை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மரத்தடியில் நின்ற காராக இருந்தால் இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து கறுப்புக் களியாக அடைத்திருக்கும். கையால் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு அரை லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஒருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். தாரையாக உடனே கொட்டினால் வழி சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. மேலேயே தேங்கி நின்றால் முழு அடைப்பு. தண்ணீர் மடமடவென்று இறங்கி, கீழே ஒன்றும் வராமல் கார்பெட் நனைந்தால் டியூப் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடைப்பெடுக்கக் கம்பி வேண்டாம். முப்பது வருட ரப்பரைக் கம்பி குத்திக் கிழித்துவிடும், பிறகு அந்த டியூபை மாற்றுவது பெரிய வேலை. புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு 2 மி.மீ. அல்லது 2.5 மி.மீ. தடிமனில் கிடைக்கும். அதன் நுனியை லைட்டரில் காட்டி உருண்டையாக்கிக் கொள்ளுங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் சுழற்றிச் சுழற்றிவிட்டு, இடையிடையே வெந்நீர் ஊற்றுங்கள். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் டியூப் தன் பொருத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும், அதுவும் வேண்டாம்.

டிரெயின் சரியாக இருந்தும் சீட்டுக்குப் பின்னால் ஈரமென்றால் வாய்க்காலைச் சந்தேகப்படுங்கள். அது பிளாஸ்டிக். வயதானால், முக்கியமாக மூலைகளில், விரிசல் விடும். ரூஃப் மாற்றிய கார்களில் இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கும்: வாய்க்காலின் இரு முனையும் டிரெயின் வாய்க்குள் இறங்கி உட்கார வேண்டும். அவசரத்தில் மாட்டியவர் அதை வெளியே விட்டிருப்பார். தண்ணீர் நேராகக் கார்பெட்டில் ஊற்றும். துணி மாற்றும்போது பழைய வாய்க்காலையே திரும்பப் போடுவது தப்பான சிக்கனம்.

இனி சோதனை முறை. ஈரக் காரில் கசிவு தேடவே கூடாது. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, தரையை முழுக்க உலர்த்துங்கள். சந்தேகப்படும் இடங்களில் சாக்பீஸ் தூளை மெலிதாகத் தூவுங்கள், தண்ணீர் ஓடிய தடம் தூளில் கோடாக விழும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே இருப்பவர் முனை மாட்டாத ஹோஸில் மிதமாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலே போவதுதான் ஒழுங்கு: முதலில் கதவின் கீழ்ப்பகுதி, பிறகு கண்ணாடி ஓரம், பிறகு முன் கண்ணாடித் தூண், கடைசியில் ரூஃப். ஓரிடத்தில் குறைந்தது மூன்று நிமிடம் நில்லுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது. பிரஷர் வாஷர் மழையில் கசியாத இடத்தையும் கசியவைக்கும்.

தேங்கிய இடத்தை நம்பாதீர்கள். தண்ணீர் ஒயர் கட்டின் மேலும், தகடு மடிப்பிலும் ஒரு மீட்டர்கூட ஓடித்தான் சொட்டும்.

முழங்கால்மேல் விழும் சொட்டு பெரும்பாலும் முன் மூலையிலிருந்து வரும். ரூஃபின் முன் பீடிங்கும் (ஓரத்தை அடைக்கும் ரப்பர் பட்டை), தூண் பீடிங்கும், கதவுக் கண்ணாடியின் மூலையும் சேருமிடம் அது. ஒரு ரூபாய் நோட்டை பீடிங்குக்கு நடுவில் வைத்து ரூஃபையும் கதவையும் மூடி இழுத்துப் பாருங்கள். நோட்டு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. முன்பக்கத்தில் அழுத்தம் போதாவிட்டால் ரூஃப் கொக்கியின் நீளத்தைத் திருகிக் குறைக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக, ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். ரொம்ப இறுக்கினால் கொக்கியும் துணியும் பாழாகும். பக்கக் கண்ணாடி ஆடினால் பீடிங் மாற்றிப் பயனில்லை. கதவுக்குள் கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும். புதிது போட்டுவிட்டு, மேல் ஓரம் பீடிங்கைத் தொட்டு அழுத்தும்படி கண்ணாடியின் ஸ்டாப்பரை சரிசெய்ய வேண்டும்.

கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் கதவின் அடித் துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். ஸ்பீக்கர் மாட்டியவர்கள் பலர் அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அது இல்லாமல் போனால் கதவுக்குள் ஓடும் தண்ணீர் பேடில் இறங்கி உள்ளே வரும். கனமான பாலித்தீன் தாளை பியூட்டைல் டேப்பில் (காயாமல் பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டி, கீழ் ஓரத்தைக் கதவுத் தகட்டுக்கு உள்பக்கமாகச் செருகுங்கள்.

டிக்கித் தண்ணீர் தனிக் கதை. லைனிங்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு லைட்டின் போல்ட்டுக்கும் டிஷ்யூ பேப்பர் சுற்றி, டிக்கியை மூடி, ஒரு லைட்டுக்கு மூன்று நிமிடம் என்று தனித்தனியாகத் தண்ணீர் விடுங்கள். எந்தப் பேப்பர் நனைந்ததோ அந்த லைட்டில் கசிவு. டெயில் லைட்டின் ஸ்பாஞ்ச் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பட்டை) தட்டையாகிப் போயிருக்கும். டிக்கி மூடியிலுள்ள மூன்றாவது பிரேக் லைட்டும் இதற்குப் பேர்போனது: அதன் கேஸ்கெட் வழியே போகும் தண்ணீர் மூடியின் இரட்டைத் தகட்டுக்குள் தங்கி, மூடியைத் தூக்கும்போது ஓரத்திலிருந்து ஒழுகும். அப்படி ஒழுகினால் குற்றவாளி அதுதான். ஏரியல் அடி ரப்பரையும் பாருங்கள். லைட்டைக் கழற்றி, பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டியெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புது கேஸ்கெட்டோ பியூட்டைல் கயிறோ வையுங்கள். நட்டைச் சமமாக, மெதுவாக இறுக்குங்கள். பழைய பிளாஸ்டிக் சட்டென்று வெடிக்கும். பேட்டரிக்கு அடியில் துரு இருந்தால் அதையும் சுரண்டிப் பாருங்கள். இந்தக் காருக்கு ஆவிக்குழாய் வைத்த சீல்டு பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண ஆசிட் பேட்டரி போட்ட காரில் தரைத் தகடு அரித்து, ஊசித் துளை வழியே சாலைத் தண்ணீர் மேலே வரும்.

முன்பக்கக் காலடி ஈரமென்றால் மழையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாளில், ஏசி போட்டால் மட்டும் நனைந்தால் ஏசி டிரெயின் டியூப் அடைப்பு. பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்து, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிந்தால் ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது. இரண்டும் இல்லையென்றால் வைப்பர் கிரில்லுக்குக் கீழே சேர்ந்த இலைகளை வாருங்கள். அமெரிக்காவில் விற்ற இடதுபக்க ஸ்டியரிங் கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டர் பயணியின் காலடியில்தான் இருக்கிறது, அங்கே ஈரத்தை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

பூசுபொருள் பற்றி: வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். தகட்டு மடிப்புக்குப் பாலியூரித்தேன் சீலர், லைட்டுக்கும் கதவின் பிளாஸ்டிக் தாளுக்கும் பியூட்டைல், பீடிங்குக்கு சிலிகான் கிரீஸ். பீடிங்கில் வாஸலினோ எண்ணெயோ தடவினால் ரப்பர் ஊதி இளகும்.

கசிவை அடைத்ததும் வேலை முடியவில்லை. கார்பெட்டின் அடி ஸ்பாஞ்ச் பல லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும், மேலே தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். வெளியே எடுத்து நாள்கணக்கில் காயவையுங்கள். தரையின் ரப்பர் அடைப்பான்களைக் கழற்றித் தண்ணீரை வடித்துத் திரும்ப மாட்டுங்கள். கடைசியாக, கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்தை, பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள நுனியில் தட்டிப் பாருங்கள். பெயின்டில் கொப்புளம் இருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது, டிங்கரிங் வேலை அவசியம். தகடு இன்னும் கெட்டியாக இருந்தால் அடித் துளைகளைத் திறந்து, நன்றாக உலர்ந்த பிறகு உள்ளே துரு தடுக்கும் மெழுகை நீளமான குழாயால் அடித்துவிடுங்கள்.