ஐ.பி.எஸ். (குடல் எரிச்சல் நோய்) தொல்லை இருப்பவர்கள் மலம், வயிற்றுவலி இதையெல்லாம் ஃபோன் ஆப்பில் குறித்து வைப்பதால் பயன் உண்டா? எப்படிக் குறிக்க வேண்டும்?

பயன் உண்டு. எத்தனை தடவை போனீர்கள், என்ன பதத்தில் போனது, வலி எப்போது வந்தது என்பதை ஆப் தெளிவாகக் காட்டிவிடும். 'எந்தச் சாப்பாடு செய்த வேலை இது' என்ற கேள்விக்குத்தான் அது தவறான பதிலைத் தந்துவிடும். பலர் இந்த இரண்டாவது கேள்விக்காகவே ஆப்பை இறக்கி, ஒரு மாதத்தில் பாதிச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம்.

முதலில் பதம். பெரும்பாலான ஆப்களில் இருக்கும் ஏழு படங்கள் பிரிஸ்டல் அளவுகோல். 1 என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனி உருண்டை. 2 என்றால் அந்த உருண்டைகள் ஒட்டிச் சேர்ந்த கட்டி. 3, 4 இரண்டும் நல்ல பதம். 4 வழவழவென்று நீளமாக இருக்கும். 5 மெத்தென்ற துண்டுகள், 6 கூழ், 7 வெறும் தண்ணீர். 5-க்கும் 6-க்கும்தான் குழப்பம் வரும்: துண்டின் ஓரம் தெளிவாக இருந்தால் 5, பிய்ந்து குழைந்திருந்தால் 6. வெஸ்டர்ன் டாய்லெட்டில் தண்ணீரில் கிடக்கக் கிடக்கக் கரையும், அதனால் உடனே பார்த்துவிடுங்கள்.

வலியை இரண்டு முறை குறியுங்கள், போவதற்கு முன்னும் போன பின்னும். இதற்குக் காரணம் இருக்கிறது. 2016-இல் வந்த, மருத்துவர்கள் பின்பற்றும் ரோம் 4 வரையறைப்படி ஐ.பி.எஸ். என்று சொல்ல, கடைசி 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருந்திருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, போகும் எண்ணிக்கையில் மாற்றம், பதத்தில் மாற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு அந்த வலியோடு சேர்ந்து வர வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவர் கேட்கப் போவது இதைத்தான். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

'காலை 6:40. வகை 6. அவசரம். வலி (10-க்கு) முன் 6, பின் 2. முழுசாகப் போன திருப்தி இல்லை.'

இருபது நொடி வேலை. ஆனால் அப்போதே செய்ய வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஆப் மணியடிக்கும்போது நாள் முழுவதையும் யோசித்துப் போட்டால், மோசமான ஒரு தடவைதான் நினைவில் நிற்கும், மற்றது எல்லாம் அதன் சாயலில் பதிவாகும்.

மலச்சிக்கல் உள்ளவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, போகாத நாளைக் காலியாக விட்டுவிடுவது. போகவில்லையா, குறிக்க மறந்தாரா என்று ஆப்புக்குத் தெரியாது. சில ஆப்கள் பதிவு உள்ள நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போடும். வாரத்துக்கு இரண்டு தடவை போகிறவருக்கும் 'நாளுக்கு ஒரு தடவை' என்று காட்டிவிடும். 'இன்று இல்லை' என்று ஒரு பதிவு போடுங்கள்; அதற்கு இடமில்லாத ஆப் என்றால் குறிப்பில் எழுதுங்கள். நாளுக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை பொதுவாக இயல்புதான்.

மாத்திரைகளையும் விடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், கட்டவும் வைக்கும். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கு தரும். ஆன்டிபயாடிக், இசப்கோல், பேதியை நிறுத்தும் மாத்திரை எல்லாம் பதத்தை மாற்றுபவை. எடுத்த நாளை அடையாளமிட்டால்தான் மற்ற நாட்களைத் தனியே பார்க்க முடியும். பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறிப்பது நல்லது, பலருக்குத் தொல்லை அப்போது கூடும்.

இனி சாப்பாடு. காலையில் இட்லி சாப்பிட்ட கால் மணி நேரத்தில் ஓட வேண்டியிருந்தால் ஆப் இட்லிக்குச் சிவப்புப் புள்ளி வைக்கும். உண்மையில் வயிற்றில் எது விழுந்தாலும் பெருங்குடல் அசையும், காலையில் இன்னும் அதிகமாக. வெளியே வருவது அந்த இட்லி அல்ல. வாயிலிருந்து கடைசிவரை போய்ச் சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியத் தொடங்கலாம். வெங்காயம், பூண்டு, பருப்பு பெருங்குடலில் நொதித்து உப்புசம் தருவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே குறைந்தது முந்தைய 24 மணி நேரச் சாப்பாட்டையாவது சேர்த்துப் பாருங்கள். ஒரே பண்டம் மூன்று நான்கு தடவை ஒரே விளைவைத் தந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

நம் சமையல் ஆப்பின் பட்டியலில் சரியாக இருக்காது. 'சாம்பார்' என்று தேடாமல் 'துவரம் பருப்பு கால் கப், சின்ன வெங்காயம் 8, பெருங்காயம்' என்று எழுதுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம், டப்பாவைப் பாருங்கள். மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆப், உணவின் அளவுக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். பொருள் பொருளாகத் தேட அது உதவும். சந்தேகம் உறுதிப்பட்டால் உணவியல் நிபுணரின் துணையோடு 2 முதல் 6 வாரம் மட்டும் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாக மூன்று நாள் அளவைக் கூட்டிச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. பூண்டு வாசனை மட்டும் வேண்டுமென்றால் எண்ணெயில் வதக்கிப் பல்லை எடுத்துவிடலாம். தொல்லை தரும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது.

மலத்தில் ரத்தம், மருந்தில்லாமல் கறுத்த மலம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் குறித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரப் பதிவு போதும். பிடிஎஃப் ஆக எடுக்கும் வசதி, பூட்டு, கணக்குத் திறக்காமலே ஃபோனில் சேமிக்கும் வசதி உள்ள ஆப்பாகத் தேர்ந்தெடுங்கள். மருத்துவரிடம் முழு அட்டவணையையும் நீட்டாமல் மேலே மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: '28 நாளில் வலி 11 நாள், வகை 6, 7 போனது 9 நாள், போன பின் வலி குறைந்தது 8 நாள்.' அதோடு பதிவை நிறுத்திவிடுங்கள். மருந்தோ உணவோ மாறும்போது மறுபடி இரண்டு வாரம் குறித்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தால் பதற்றம் கூடும், பதற்றம் குடலை இன்னும் கிளறும்.