கதையை யார் சொல்றாங்கன்னு பிள்ளைங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

கேட்டிருக்கிறது நாலாம் ஆண்டு படிக்கிற பையனோட அம்மா. எந்தக் கதையைக் காட்டி இது யார் சொல்றதுன்னு கேட்டாலும் "எழுதினவர்தான்"ங்கிறானாம், இல்லன்னா பக்கத்துல எங்கயாச்சும் 'நான்'னு பாத்துட்டா உடனே தன்மையில சொன்ன கதைன்னு முடிவு பண்ணிடுறானாம்.

நான் மலேசியாவுல, பட்டர்வொர்த்துல வீட்டுலயே டியூஷன் எடுக்கிறேன், இந்த 'நான்' வேட்டை எங்க ஹால்லயும் ஓயாம நடக்கும். பெரும்பாலும் அவங்க பிடிக்கிற 'நான்' வசனத்துக்குள்ள இருக்கிறது. "நான் வர மாட்டேன்" என்றாள் கவிதா. இதுல நான்னு சொல்றது கவிதா, ஆனா கதை சொல்றது அவ இல்லையே, "என்றாள்"னு வேற யாரோ வெளிய நின்னு சொல்றாங்க. இதுக்கு ஒரு பென்சில் போதும்ங்க, மேற்கோள் குறிக்குள்ள இருக்கிறதெல்லாம் லேசா அடிச்சுட்டு மிச்சத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்க, அதுல வினை எப்படி முடியுதுன்னு பாக்கச் சொல்லுங்க, ஏன்னா நாம பாதி நேரம் நான் அவன் எல்லாம் எழுதவே மாட்டோம், 'கதவைத் திறந்தேன், யாருமில்லை'ன்னு போயிடும், அந்தத் திறந்தேன்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

ஆனா இதோட நிறுத்திட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. நானா அவனான்னு கண்டுபிடிக்கிறது சுலபமான பாதி. சொல்ற ஆளுக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

நம்ம தமிழ்ப்பள்ளியில தன்கதைன்னு ஒரு கட்டுரை இருக்கே, 'நான் ஒரு புத்தகப்பை', அதைக் கையில எடுங்க. தொழிற்சாலையில பிறந்தேன், லாரியில ஏத்தினாங்க, கடையில தொங்கவிட்டாங்க, ஒரு மாணவன் வாங்கினான், கிழிஞ்சு போய் குப்பைத்தொட்டியில கிடக்கிறேன், முடிஞ்சது கதை. ஆறாம் ஆண்டுல எழுதின யூபிஎஸ்ஆர் பரீட்சையை 2021ல எடுத்துட்டாங்க, இந்த டெம்ப்ளேட் மட்டும் போக மாட்டேங்குது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, ஆனாலும் இதைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஒரு பொண்ணு எழுதியிருந்தா, 'என் எஜமான் கணிதத்தில் முதலாவதாக வந்ததை எண்ணி மனத்திற்குள் மகிழ்ந்தார்'னு. அப்ப பை எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். நாற்காலியில மாட்டியிருந்துச்சு டீச்சர். சரி, அவர் மனசுக்குள்ள சந்தோஷப்பட்டது நாற்காலியில தொங்குற பைக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? ரப்பரைக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. அப்புறம் அழிச்சுட்டு இப்படி மாத்தினா: 'அன்று என்னைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவரை ஓடினார். என் வயிற்றுக்குள் உணவு டப்பா குலுங்கிக்கொண்டே வந்தது.' மகிழ்ச்சிங்கிற வார்த்தையே இல்ல, பாருங்க. பைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், படிக்கிற நமக்கு மீதி தெரிஞ்சு போச்சு.

அடுத்து சங் காஞ்சில்ங்கிற தந்திரக்காரச் சருகுமான் கதை, இங்க அது தெரியாத பிள்ளையே இருக்காது. ராஜா விருந்து குடுக்கப் போறாரு, உங்களை எண்ணச் சொன்னாருன்னு பொய் சொல்லி முதலைங்களை வரிசையா நிக்க வச்சு, எண்ணுற மாதிரி ஒவ்வொண்ணு முதுகு மேலயும் குதிச்சு ஆத்தைத் தாண்டிடும் அந்தச் சருகுமான். இதையே கடைசியா நின்ன முதலை சொல்ற மாதிரி சொல்லச் சொல்லுங்க. பாதிப் பேரு முதல் வரியிலயே 'எங்களை ஏமாத்த சங் காஞ்சில் வந்தான்'னு ஆரம்பிப்பாங்க. முதலைக்கு அப்பவே எப்படிடா தெரியும், தெரிஞ்சா வரிசையில நின்னிருக்குமா? அந்த ஒரு கேள்வியில கதையே மாறிடும், ராஜா குடுக்கிற விருந்துக்கு முதலை ஆசையா காத்திருக்கும், தலை மேல கால் பட்டு மான் கரைக்குத் தாவினப்புறம்தான் அதுக்கு விஷயமே புரியும். வழக்கமா சொல்ற கதையில மான் நினைக்கிறதும் நமக்குத் தெரியும், முதலை நினைக்கிறதும் தெரியும், ஏன்னா அங்க சொல்றவருக்கு எல்லாமே தெரியும். படர்க்கைன்னாலே இப்படித்தான்னு நினைச்சுடக் கூடாது, 'அவன்'னு சொல்லிக்கிட்டே ஒருத்தனுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்ற கதையும் நிறைய இருக்கு.

எழுத வராத சின்னதுங்களுக்குப் பேச்சே போதும். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிட்டு வந்த வீடுன்னா அப்பா தோள் மேல இருந்த தம்பியை ரதம் வந்ததைச் சொல்லச் சொல்லுங்க, பிறகு கீழ நின்ன அக்காவை. அவளுக்கு எல்லார் முதுகும், ரோட்டுல ஓடுற தேங்காத் தண்ணியும்தான் தெரிஞ்சிருக்கும், அதை அவ சொல்றப்ப தம்பி "இல்ல, பொய்"னு சண்டைக்கு வருவான், வரட்டும்.

வீட்டுல ஐந்தாம் படிவத்துல எழுதுற எஸ்பிஎம் பரீட்சைக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கிற பிள்ளை இருந்தா குறுந்தொகையில ஒரு பாட்டைக் குடுங்க, மேல போட்டிருக்கிற தலைவி கூற்று, தோழி கூற்றுங்கிற வரியை மட்டும் கையால மறைச்சுட்டு யார் பேசுறாங்கன்னு கேளுங்க. இந்த மாதிரி அகப்பாட்டுல, அதாவது காதல் பாட்டுல, தலைவன் தலைவிக்குப் பேரே வைக்க மாட்டாங்க, அதனால பேச்சை வச்சுத்தான் பிடிக்கணும். உங்க பையனுக்கு இப்போதைக்குப் பையும் முதலையும் போதும்.