அமுங்கிய மரம் எழும்பும், போன இடத்துக்கு மரமே வேண்டும்

கேள்வி: தேக்குப் பலகையில் சின்ன அலமாரி ஒன்று செய்தேன். கதவுக் கீலுக்கான துளையை ஒரு நூல் தள்ளிப் போட்டுவிட்டேன். மேல்பலகையில் சுத்தியல் பட்டுப் பள்ளம். பக்கப்பலகை சேரும் மூலையில் இடைவெளி. அதை வெள்ளைப் பசையில் மரத்தூள் குழைத்து அடைத்தேன். பாலிஷ் தடவியதும் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரிகிறது. பிரித்துவிட்டுத் திரும்பச் செய்யட்டுமா?

பிரிக்காதீர்கள். நன்றாகப் பிடித்த பசையைப் பிரிக்கப் போனால் பலகையே பிளந்துகொண்டு வரும். பள்ளத்தில் மரம் அமுங்கித்தான் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. துளையிலும் இடைவெளியிலும் மரமே இல்லை. இரண்டையும் ஒரே பட்டியால் மூடப் பார்ப்பதில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் சறுக்குகிறார்கள்.

முதலில் பள்ளம். அதில் ஏற்கெனவே பாலிஷ் ஏறியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நனைத்த பருத்தித் துணியை மேலே போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சில விநாடி மட்டும் வையுங்கள். ஆவி உள்ளே போனதும் நசுங்கிய நார்கள் உப்பி எழும்பும். முழுதாக எழும்பாவிட்டால் திரும்பவும் செய்யலாம். ராத்திரி முழுக்கக் காயவிட்டு 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். ஈரம் காயும் முன்னே தேய்த்தால் அந்த இடம் பின்னால் குழிந்துவிடும். சுத்தியலின் விளிம்பு பட்டு நார் அறுந்திருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. பிளைவுட்டில் இதைச் செய்யும்போது ஜாக்கிரதை, மேல்தாள் பசை விட்டுக் கிளம்பிவிடும்.

துளைக்கு வருவோம். ஒரு நூல் என்றால் சுமார் மூன்று மில்லிமீட்டர். பக்கத்திலேயே புதிதாகப் போட்டால் டிரில் பிட் வழுக்கிப் பழைய துளைக்குள்ளேயே விழும். அதனால் முதலில் அதை அடைத்தாக வேண்டும். சின்ன ஸ்குருவுக்குப் பல்குத்தும் குச்சிகளைப் பசையில் தோய்த்துத் திணித்தாலே போதும். கதவு கனமாக இருந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அளவான மரமுளையைப் பசையோடு அடித்து இறக்குங்கள். காய்ந்தபின் உளியால் மட்டமாகச் சீவிவிட்டு, சரியான இடத்தில் துளையிடுங்கள். இது கீலுக்கு அடியில் மறைந்துவிடும் என்பதால் அழகைப் பற்றிக் கவலை இல்லை. வெளியே தெரிகிற துளை என்றால் உருண்டை முளை உதவாது. அதன் வெட்டுமுகம் பாலிஷை அதிகமாகக் குடித்துக் கறுப்பு வட்டமாக நிற்கும். பலகையின் முகத்திலிருந்து வெட்டிய துண்டை, ரேகை ஒத்துப்போகிற மாதிரி திருப்பி வைத்து அடைக்க வேண்டும்.

இனி உங்களைப் படுத்தும் திட்டு. காய்ந்த பசை மரத்தின் துவாரங்களை அடைத்துக்கொள்கிறது, சாயமும் பாலிஷும் அங்கே இறங்க வழியில்லை. நானும் ஆரம்பத்தில் ஒரு மேசையை இப்படித்தான் அடைத்தேன். காய்ந்தபோது நிறம் அச்சாக ஒத்துப்போனது. பாலிஷ் ஏறியதும் அம்மைத் தழும்புபோல அத்தனையும் காட்டிக்கொடுத்தது. அந்தக் குழைவை உளி முனையால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பழைய பசைமேல் புதுப் பசை ஒழுங்காகப் பிடிக்காது. செய்தபோது மிஞ்சிய அதே பலகைத் துண்டிலிருந்து, ரேகை நீளவாக்கில் ஓடும்படி, ஆப்புப்போல ஒருபக்கம் மெலிந்த சிம்பு ஒன்றைச் சீவிக்கொள்ளுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன் இரு பக்கத்தையும் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். பசை தடவி, சிம்பை மெல்லத் தட்டி இறக்குங்கள். ஓங்கி அடித்தால் இணைப்பே வாய் பிளக்கும். மறுநாள் மட்டமாகச் சீவுங்கள். வழிந்த பசை இன்னும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க, பாலிஷுக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் வெளிறித் தெரியும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் அலமாரியின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, கையால் அசைத்தால் ஆட்டமும் இல்லாவிட்டால் இடைவெளி வெறும் பார்வைக்குத்தான், சிம்பு போதும். ஆடினால் சிம்பு பலம் தராது. அப்படிப்பட்ட மூலையை மட்டும் பிரித்து, பழைய பசையை வெந்நீர்த் துணியால் இளக்கிச் சுரண்டி, புதிதாக ஒட்டி, காயும்வரை கிளாம்ப் போட்டு இறுக்கி வையுங்கள்.