பிள்ளையின் கற்றல் பாணிக்கு ஏற்றபடி பாடம் நடத்த வேண்டுமா?

மொரிஷியஸ் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நீங்கள், பிள்ளைகளைப் 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்' என்று பிரித்து நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2008-இல் ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசியபோது, அதனால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு; அது வேறு.

வழியைத் தீர்மானிப்பது பாடப்பொருள்தான். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்கு ல, ள, ழ வேறுபாடு படத்தால் வராது. காதால் கேட்டு, நாக்கை மடித்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுத்தின் வடிவமோ எழுத எழுதத்தான் பதியும். 'கேட்டுக் கற்பவன்' என்று முத்திரை குத்தி ஒருவனுக்கு எழுத்துப் பயிற்சியைக் குறைப்பது அநியாயம்.

பிள்ளைகள் உண்மையில் வேறுபடுவது முன்னறிவில். தைப்பூசத்தில் காவடி பார்த்தவனுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும், அங்கிருந்து தொடங்குங்கள்.