1943 இஷாப்பூர் ரைஃபிள்: வாங்கும் முன் எதையெல்லாம் பார்ப்பது?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன், துப்பாக்கி உரிமம் உண்டு. பழைய லீ-என்ஃபீல்ட் (பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. போல்ட் (தோட்டாவை ஏற்றி அடைக்கும் தண்டு) கைப்பிடிக்குக் கீழே கிரீடம், ஜி.ஆர்.ஐ. (பிரிட்டிஷ் அரசரின் பெயர்ச்சுருக்கம்), இஷாப்பூர், 1943 என்று முத்திரை. "உலகப்போர் ரைஃபிள், பின்னாளில் 7.62-க்கு மாற்றியது, எண்கள் எல்லாம் பொருந்தும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? வாங்கினால் மரத்தைப் புதுப்பிக்கலாமா?

பதில்: 7.62 கதையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். இந்தியாவின் இஷாப்பூர் ஆலை 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள், பழைய .303 அங்குல ரைஃபிள்களைத் திருத்திச் செய்தவை அல்ல. 1962 சீனப் போருக்குப் பிறகு, வலுவான எஃகில் புதிதாகவே செய்யப்பட்டவை. குடியரசான பின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது. ஆகவே கிரீடமும் 1943-ம் உள்ள உடலில் 7.62 பேரல் இருந்தால் அது யாரோ செய்த கைவேலை. சுடவே கூடாது.

1943 இஷாப்பூர் என்றால் அது நம்பர் 1 மார்க் 3 நட்சத்திரம் (III*) என்ற மாடலாகத்தான் இருக்க வேண்டும். இதில் பேரல், அதன் முனையைச் சுற்றிய உலோக முனைக் கவசத்தோடு சமமாக முடியும். குறிபார்க்க உதவும் பின் அமைப்பான பின்குறி பேரலின் மேல் இருக்கும். பேரல் முனை வெளியே நீட்டிக்கொண்டு, பின்குறி கண்ணருகே இருந்தால் அது நம்பர் 4 என்ற பிந்தைய மாடல். உங்கள் ஊர் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது அந்த வகைதான்.

அடுத்து, போல்டைக் கழற்றிவிட்டு பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். இதை எத்தனை பேர் செய்யாமலே பணம் கொடுக்கிறார்கள்! இடப்பக்கம் சுழலும் வரிப்பள்ளங்கள் தெரிய வேண்டும். உள்ளே வழவழவென்று இருந்து, மேகசினில் மரக்கட்டையும் செருகியிருந்தால், அது காவல் பணிக்காக .410 என்ற ரவைத் துப்பாக்கி அளவுக்கு மாற்றப்பட்ட ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. வெளி முத்திரை மட்டும் பழையபடியே இருக்கும். அதுவும் சேகரிக்கத் தக்கதுதான், ஆனால் .303-இன் விலைக்கு அல்ல. டி.பி. (Drill Purpose) என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால் அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்கல்ல.

எண்களை நீங்களே பாருங்கள். ரிசீவர் (போல்ட் ஓடும் உடல்) வளையம், பேரல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், பின்குறித் தகட்டின் அடிப்பக்கம், முனைக் கவசம். பழைய எண்ணை அடித்துப் புதிதாகப் பொறித்திருந்தால் பதற வேண்டாம். எஃப்.ஆர். (Factory Repair) என்று ஆண்டோடு இருப்பது ஆலையில் பழுதுபார்த்ததன் குறி. அப்போது எண்களையும் ஒன்றாக்குவார்கள். அதை நான் குறையாக எண்ணமாட்டேன், அந்த ரைஃபிளின் பணி வரலாறு அது. ஆனால் போல்ட் எண் மட்டும் வேறாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மேகசினுக்கு முன்னால், பேரலுக்கு அடியிலுள்ள முன்மரத்தைக் குறுக்கே துளைத்துச் செல்லும் ஒரு திருகாணி இருக்கலாம். மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரிலேயே போட்டது. யாரோ செய்த ஒட்டுவேலை என்று கழற்றிவிடாதீர்கள். கனடாவில் மான் வேட்டைக்காக முன்மரத்தை அறுத்த ரைஃபிள்கள் ஏராளம். அவற்றை மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் முதல் ரைஃபிளாக வாங்க வேண்டாம் என்பேன்.

மரத்தைப் புதுப்பிக்கவே வேண்டாம். உப்புத்தாள் ஒருமுறை ஓடினால் சோதனை முத்திரைகள் போய்விடும். மீட்க வழியே இல்லை. வார்னிஷும் கூடாது. பழைய கிரீஸைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். இரும்புக்குப் புதுக் கருமை ஏற்றாதீர்கள்.

இது கனடாவில் ‘கட்டுப்பாடற்ற’ (non-restricted) வகை, ஆனாலும் உரிமம் வேண்டும். 1898-க்குப் பிறகு செய்தது என்பதால் தொல்பொருள் விலக்கு கிடையாது. கைமாறும் முன் விற்பவர் உங்கள் உரிமத்தை அரசிடம் சரிபார்த்துக் குறிப்பு எண் வாங்க வேண்டும். அதெல்லாம் எதற்கு என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

சுட நினைத்தால் முதலில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, போல்டுக்கும் தோட்டா அறைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ராணுவத் தோட்டா போட்டால் அதன் பற்றவைப்பு மருந்து உள்ளே உப்பை விட்டுச்செல்லும். எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது. அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள்.